பாலியால் முறையில் 20% பிளாட்டினம்/கார்பன்: எக்ஸ்ஆர்டி 3 நானோமீட்டர் காட்டுகிறது, மின்வேதிப் பரப்பு கிராமுக்கு 34 ச.மீ.யைத் தாண்டவில்லை

கரித்தூள் (கேள்வி)

வணக்கம். எரிபொருள் கலத்தின் ஆக்சிஜன் முனைக்காக 20 விழுக்காடு பிளாட்டினம் ஏற்றிய கார்பன் வினையூக்கி தயாரிக்கிறேன். கிளைக்காலே கரைப்பானாகவும் ஒடுக்கியாகவும் வேலை செய்யும் பாலியால் முறை. செய்முறை இது:

குளோரோபிளாட்டினிக் அமிலம் (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது) 53 மி.கி., எத்திலீன் கிளைக்கால் 50 மி.லி. பிஎச் மீட்டர் 12 காட்டும்வரை கிளைக்காலில் கரைத்த 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக. வல்கன் எக்ஸ்சி-72ஆர் (கார்பன் தூள்) 80 மி.கி. போட்டு ஒரு மணி நேரம் சோனிகேட் (மீயொலியில் குலுக்கல்). ஆயில் பாத் 140 °செ., மூன்று மணி நேரம். ஆறியதும் 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, தண்ணீர், எத்தனால் இரண்டிலும் கழுவி, 80 °செ. அவனில் இரவு முழுக்க உலர்த்தல்.

முடிவுகள்: எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்), மேட்டின் அகலத்திலிருந்து துகள் அளவு காணும் ஷெரர் கணக்குப்படி 3.1 நானோமீட்டர். டிஜிஏவில் (சூடாக்கிக் கார்பனை எரித்து எடை பார்ப்பது) மிச்சம் 13% மட்டுமே. ஹைட்ரஜன் ஒட்டும் பகுதியை வைத்துக் கணக்கிட்ட மின்வேதிப் பரப்பு (வினையில் உண்மையில் பங்கெடுக்கும் பிளாட்டினப் பரப்பு) கிராமுக்கு 34 ச.மீ. 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், நிமிடத்துக்கு 1600 சுழற்சியில், ஓஆர்ஆர் (ஆக்சிஜன் ஒடுக்கம்) எல்லை மின்னோட்டம் ச.செ.மீ.க்கு 4.3 மில்லி ஆம்பியர். அதுவும் தட்டையாக இல்லை, சரிந்துகொண்டே போகிறது. அரை-அலை மின்னழுத்தம் 0.82 வோல்ட். வடிநீர் லேசான பழுப்பு.

இங்க்: வினையூக்கி 5 மி.கி., தண்ணீர் 1.9 மி.லி., ஐசோபுரோப்பனால் 0.6 மி.லி., 5% நாஃபியான் (முனையில் ஒட்டவைக்கும் பாலிமர்) 20 மைக்ரோலிட்டர். 10 நிமிடம் சோனிகேட் செய்து, 5 மி.மீ. கிளாசி கார்பன் மேல் 10 மைக்ரோலிட்டர் விட்டு, 60 °செ. அவனில் காயவைத்தேன். ரெஃபரன்ஸ் சில்வர்/சில்வர் குளோரைடு, உள்ளே நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு. எல்லா அளவிலும் 0.26 கூட்டி ஆர்எச்இக்கு (மீள் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோல்) மாற்றினேன்.

துகள் ஒரே அளவில் வரவில்லையோ என்று பிவிபி (துகளை மூடிக் காக்கும் பாலிமர்) சேர்க்கலாமா என யோசிக்கிறேன். தவறு எங்கே?

---

வரக்காப்பி

பிவிபியை விடுங்கள். துகளின் அளவில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. பிளாட்டினம் எங்கே போனது என்ற கணக்கை முதலில் போடுவோம்.

அந்த உப்பின் எடையில் பிளாட்டினம் 37.7%. 53 மி.கி. என்றால் 20 மி.கி. பிளாட்டினம். கார்பன் 80 மி.கி. முழுதும் கைக்கு வந்தது என்று வைத்தால், 13% மிச்சம் என்பது சுமார் 12 மி.கி. பிளாட்டினம். ஆக, 8 மி.கி. காணோம். போன வழியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பழுப்பு வடிநீர்.

காரச் சூழலில் கிளைக்கால் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து கிளைக்கோலேட் ஆகிறது. அந்த அயனி துகளின் மேல் ஒட்டி, ஒன்றையொன்று தள்ள வைக்கிறது. பிவிபி இல்லாமலே துகள் சிறிதாக நிற்பது இதனால்தான். ஆனால் அதே தள்ளல், துகளைக் கார்பன் மேலும் உட்கார விடாது. 3 நானோமீட்டர் துகளைவிட உங்கள் வடிதாளின் துளை 150 மடங்கு பெரிது. அரிசி சலிக்கும் சல்லடையில் மாவு நிற்குமா? கார்பனில் ஒட்டியது மட்டும் நின்றது, மற்றது ஓடிவிட்டது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வினை முடிந்து அறை வெப்பநிலைக்கு வந்ததும், 0.5 மோலார் கந்தக அமிலத்தைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சொட்டி, பிஎச் 2 முதல் 3 வரை இறக்குங்கள். கிளைக்கோலேட் அந்த நிலையில் கிளைக்காலிக் அமிலமாகிப் பிடியை விடும். துகள் கார்பனில் ஒட்டும். 10–12 மணி நேரம் கலக்கவிட்டு, 2 மி.லி. எடுத்து மையவிலக்கில் சுற்றிப் பாருங்கள். மேலே தெளிந்த நீர் தண்ணீர்போல் இருந்தால் வடிக்கலாம். பழுப்பு இருந்தால் இன்னும் கலக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குளோரைடை நாமே கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி ஆகும். அடர் நைட்ரிக் அமிலத்தை கிளைக்கால் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நைட்ரேட் எஸ்டர் வெடிக்கக்கூடிய சமாச்சாரம்.

வடிநீர் நிறமற்று இருந்தாலும் ஒரு சிட்டிகை சோடியம் போரோஹைட்ரைடு போட்டுப் பாருங்கள். கருத்தால், ஒடுக்கப்படாத பிளாட்டினம் அயனி மிச்சம் இருக்கிறது. அது வேறு நோய், மருந்தும் வேறு: வெப்பமோ நேரமோ போதவில்லை. 140 என்பது ஆயில் பாத்தின் வெப்பமா, திரவத்தின் வெப்பமா? குடுவைக்குள் தெர்மோகப்பிளை நேராக விட்டுப் பாருங்கள். பாத் 140 காட்டும்போது உள்ளே 125 இருப்பது சாதாரணம். கிளைக்கால் தண்ணீரை உறிஞ்சும். பலமுறை திறந்த பாட்டிலாக இருந்தால் அந்தத் தண்ணீர் கொதித்துக் கொதித்து வெப்பத்தை ஏறவிடாது. முதல் அரை மணி நேரம் கண்டென்சர் இல்லாமல் நைட்ரஜன் ஓடவிட்டு நீராவியை வெளியேற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். வினையில் பிறக்கும் அசிட்டால்டிஹைடும் அதே ஓட்டத்தில் போய்விடும். ஃபியூம் ஹூடுக்குள் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து காரம். கிளைக்காலில் பிஎச் மீட்டர் காட்டும் எண்ணுக்குப் பொருளே கிடையாது, அந்தக் கண்ணாடி முனை தண்ணீருக்காகச் செய்தது. மோல் கணக்கில் போடுங்கள். ஒரு மோல் குளோரோபிளாட்டினிக் அமிலம் உலோகமாகும்போது ஆறு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவருகிறது. அதைச் சமன் செய்யவே ஆறு மோல் காரம் வேண்டும். கிளைக்காலிக் அமிலம் தின்பது அதற்கு மேல். விகிதம் 6-க்கு அருகில் இருந்தால், தொடக்கத்தில் காரமாக இருந்தது பாதி வழியில் அமிலமாகித் துகள் கட்டிக்கொள்ளும். 12-ல் வையுங்கள். உங்கள் 53 மி.கி. என்பது 0.10 மில்லிமோல், 1 மோலார் கரைசலில் 1.2 மி.லி. போதும்.

கார்பனைக் கடைசியில் சேர்ப்பது என் விருப்பம். கார்பன் உள்ளே கிடந்தால் எல்லாமே கருப்பு, எதுவும் தெரியாது. கூழ்மத்தைத் தனியாகச் செய்தால் இளமஞ்சள் வெளிறுவதும், பழுப்பாவதும், பத்து இருபது நிமிடத்தில் வரக்காப்பி நிறத்துக்கு வருவதும் கண்ணுக்குத் தெரியும். அடியில் கருந்துகள் படிந்தாலோ குடுவைச் சுவரில் கண்ணாடிபோல் பளபளப்பு ஒட்டினாலோ அந்தத் தொகுதியை அங்கேயே நிறுத்தலாம், 80 மி.கி. கார்பன் மிச்சம். சுவரில் பளபளப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய கீறல் விழுந்த காந்தத் துண்டு. முந்தைய தொகுதியின் பிளாட்டினம் அந்தக் கீறலில் உட்கார்ந்து விதையாகிறது. இராஜதிராவகத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். உப்பை ஸ்டீல் ஸ்பேச்சுலாவால் எடுக்காதீர்கள். இரும்பு கரைந்து பிளாட்டினம் படியும். உப்பும் ஈரம் இழுக்கும், நிறுக்கும்போதே எடை ஏறும். பாட்டிலைத் திறந்த அன்றே மொத்தத்தையும் கிளைக்காலில் கரைத்து, ஐசிபியில் (உலோக அளவு காட்டும் கருவி) செறிவை அளந்து, பிறகு மி.லி. கணக்கில் எடுப்பதுதான் நிம்மதி.

---

சுழல்முனை

வேதியியல் பக்கத்தை மேலே சொல்லிவிட்டார். உங்கள் 34 குறைவாக வந்ததில் பாதி கணக்குப் பிழை. பரப்பை வகுக்கும்போது 20% என்று வைத்துத்தானே முனைமேல் உள்ள பிளாட்டினத்தைக் கணக்கிட்டீர்கள்? ச.செ.மீ.க்கு 20 மைக்ரோகிராம் என்று நினைத்தது உண்மையில் 13. டிஜிஏ எண்ணைப் போட்டால் 34 என்பது 52 ஆகிறது. உருண்டையாக வைத்தால் கிராமுக்கான பரப்பு என்பது 280-ஐ விட்டத்தால் வகுத்தது, 3.1 நானோமீட்டருக்கு 90. கார்பனோடு ஒட்டிய பக்கமும், ஒன்றோடொன்று ஒட்டிய பக்கமும் போக, அதில் 60 முதல் 80% கிடைத்தால் நல்ல வினையூக்கி. 52 அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே. கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்குக் குளோரைடு மேல் எனக்குச் சந்தேகம். இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, சரியாகக் கழுவாதது. 70 °செ. தண்ணீரில் ஒரு லிட்டராவது ஊற்றிக் கழுவுங்கள். கடைசி வடிநீரில் ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விடுங்கள். அமிலம் விடாமல் சோதித்தால் மிச்சக் காரம் சில்வர் ஆக்சைடாகப் பழுப்பு காட்டி ஏமாற்றும். வெண்மை தட்டினால் கழுவல் இன்னும் முடியவில்லை.

இரண்டாவது வழி உங்கள் ரெஃபரன்ஸ். நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடைப் பெர்குளோரிக் அமிலத்துக்குள் நேராக வைத்திருக்கிறீர்கள். குளோரைடு கசிந்து பிளாட்டினத்தில் ஒட்டி இடத்தை அடைக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகமாகும். அதோடு பொட்டாசியம் பெர்குளோரேட் தண்ணீரில் சரியாகக் கரையாத உப்பு. ரெஃபரன்ஸின் ஃப்ரிட்டின் (நுண்துளை அடைப்பு) துளையிலேயே வெள்ளைப் படிகமாக உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு மின்னழுத்தம் நகரும், வரைகோட்டில் இரைச்சல் வரும், நீங்கள் வினையூக்கியைத் திட்டுவீர்கள். ஹைட்ரஜன் ரெஃபரன்ஸுக்கு மாறுங்கள். முடியாவிட்டால் மெர்க்குரி/மெர்க்குரஸ் சல்ஃபேட்டைத் தனி உப்புப் பாலத்தோடு வையுங்கள். எதுவானாலும் 0.26 என்று புத்தக எண்ணைக் கூட்டாமல், கரைசலில் ஹைட்ரஜன் விட்டு, 1600 சுழற்சியில், நொடிக்கு 2 மில்லிவோல்ட் வேகத்தில் மின்னோட்டம் சுழியைக் கடக்கும் இடத்தைப் பார்த்து அதையே சுழியாக எடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி எல்லை மின்னோட்டம். 25 °செ., 0.1 மோலார் பெர்குளோரிக், 1600 சுழற்சி என்றால் லெவிச் சமன்பாடு (சுழலும் முனைக்கு ஆக்சிஜன் வந்துசேரும் வேகத்திலிருந்து எல்லை மின்னோட்டத்தைத் தருவது) 6-ஐ ஒட்டிச் சொல்லும், நடைமுறையில் 5.7 வந்தால் சரி. (கடல் மட்டத்துக்கு. ஊட்டியில் அளப்பவர்களுக்குக் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு, ஆக்சிஜன் கரைவதும் அந்த அளவுக்குக் குறையும்.) எல்லை மின்னோட்டம் வினையூக்கியின் திறமையைச் சார்ந்ததல்ல. அது 4.3-ல் சரிந்து நிற்கிறது என்றால் முனை முழுதும் படலம் இல்லை என்று பொருள். அவனில் அசையாமல் காய்ந்த சொட்டு, ஓரத்தில் வளையமாகக் கருத்து நடுவில் வெளுத்திருக்கும். காப்பிக் கறை காய்வது மாதிரியே. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும்.

முனையைத் தலைகீழாகச் சுழலியில் மாட்டி, அதாவது கிளாசி கார்பன் வானம் பார்க்க, நிற்கும்போதே 10 மைக்ரோலிட்டர் விட்டு, 100 சுழற்சியில் தொடங்கி மெல்ல 500–700 வரை ஏற்றி அறை வெப்பத்திலேயே காயவிடுங்கள். 15–20 நிமிடம். சொட்டு ஓரம் வரை பரவ வேண்டும், டெஃப்லான் மேல் ஏறக்கூடாது. முனையை 0.05 மைக்ரான் அலுமினாவால் கண்ணாடிபோல் மெருகேற்றி, தண்ணீரில் சோனிகேட் செய்த பிறகே இதெல்லாம். இங்க் சோனிகேட் 10 நிமிடம் போதாது. 30 நிமிடம், பனிக்கட்டி போட்ட பாத்தில். பாத் சூடேறினால் கார்பன் திரும்பக் கட்டிக்கொள்ளும்.

படலம் நன்றா என்று உறுதி செய்ய 400, 900, 1600, 2500 ஆகிய நான்கு சுழற்சியிலும் ஓட்டுங்கள். வர்க்கமூலம் 20, 30, 40, 50 என்று அழகாக வரும். எல்லை மின்னோட்டத்தை அதற்கு எதிராக வரைந்தால் சுழியை நோக்கிப் போகும் நேர்கோடு கிடைக்க வேண்டும். வளைந்தால் படலம் சரியில்லை, அந்த முனையின் எண் எதையும் எழுதாதீர்கள்.

அளக்கும் முன் நைட்ரஜன் விட்டு 0.05–1.2 வோல்ட் இடையே நொடிக்கு 100 மில்லிவோல்ட்டில் 50 சுற்று. ஹைட்ரஜன் பகுதியில் இரண்டு மேடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மொழுக்கென்று ஒரே மேடாக இருந்தால் அழுக்கு இருக்கிறது. கரைசலை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மின்னூட்டத்தை 0.4 வோல்ட் அருகிலுள்ள இரட்டைப்படல மட்டத்தைக் கழித்துத் தொகுத்து, ச.செ.மீ.க்கு 210 மைக்ரோகூலும் என்று வகுங்கள். ஓஆர்ஆர் வரைகோட்டிலிருந்து நைட்ரஜனில் எடுத்த பின்னணியைக் கழிக்காமல் விடாதீர்கள்.

கரைசல் மின்தடையையும் திருத்தினீர்களா? சொல்லவில்லை. 0.1 மோலார் பெர்குளோரிக்கில் 25 ஓம் வரும். 0.9 வோல்ட்டில் அரை மில்லி ஆம்பியர் ஓடினால் 12 மில்லிவோல்ட் இழப்பு. சிறிதுபோல் தெரியும், டாஃபெல் சரிவு (மின்னோட்டம் பத்து மடங்காக வேண்டிய மின்னழுத்தம்) 65 மில்லிவோல்ட் என்று வைத்தால் இயக்க மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறுகிறது.

---

நுண்ணோக்கி

சில சேர்க்கை. ஷெரர் கணக்கை எந்த மேட்டில் போட்டீர்கள்? 39.8 டிகிரியில் உள்ள (111) மேடும் 46.2-ல் உள்ள (200) மேடும் இவ்வளவு சிறிய துகளில் ஒன்றின் மேல் ஒன்று சரியும். நடுவே 43 டிகிரியில் கார்பன் வேறு. 67.5-ல் தனியாக நிற்கும் (220)-ஐ எடுங்கள், மெதுவாக ஸ்கேன் செய்யுங்கள். 3 நானோமீட்டர் என்றால் அரை உயர அகலம் 3.2 டிகிரி வர வேண்டும். ஷெரர் பெரிய துகளுக்கே அதிக மதிப்புக் கொடுக்கும். டெம்மில் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) நாலைந்து இடத்தில் படம் எடுத்து 200 துகளாவது எண்ணி, விட்டத்தின் கனங்களின் கூட்டுத்தொகையை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் சராசரியைத்தான் பரப்போடு ஒப்பிட வேண்டும். சும்மா சராசரி எடுத்தால் பரப்பு எப்போதும் கூடுதலாகத் தெரியும்.

டிஜிஏ 13%-ஐயும் கண்மூடி நம்பாதீர்கள். பிளாட்டினம் பக்கத்தில் இருந்தால் கார்பன் 400 °செ. சுற்றிலேயே குபீரென்று எரியும். வேகமாகச் சூடாக்கினால் தூள் தெறித்துக் கிண்ணத்துக்கு வெளியே போய் மிச்சம் குறைவாகக் காட்டும். 5 மி.கி. மட்டும் எடுத்து நிமிடத்துக்கு 5 டிகிரி. 120-ல் நிறுத்தி ஈரம் போன பிறகுள்ள எடையை நூறாக வையுங்கள்.

பிவிபி பற்றி: படம் அழகாக வரும், பரப்பு போய்விடும். பாலிமர் துகளை மூடிக்கொண்டு கழுவலுக்கு அசையாது. சூட்டில் எரித்து எடுத்தால் துகள் ஒன்றோடொன்று உருகிப் பெருக்கும். ஓஆர்ஆருக்கு 1.5 நானோமீட்டருக்குக் கீழே போவதிலும் லாபமில்லை. ஓரமும் மூலையும் அதிகமான துகள் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். கிராம் கணக்கில் திறன் 2–4 நானோமீட்டரில்தான் உச்சம். உங்கள் 3.1 நல்ல இடத்திலேயே இருக்கிறது.

அப்புறம், இது கட்டாயம்: எத்தனாலில் கழுவிய பிளாட்டினம்/கார்பனைக் காற்றுள்ள 80 °செ. அவனில் வைத்தீர்களே, அதை இனிச் செய்யாதீர்கள். ஆல்கஹால் ஆவி பிளாட்டினத்தின் மேல் காற்றோடு சேர்ந்து தானே தீப்பிடிக்கும். கடைசிக் கழுவல் தண்ணீராக இருக்கட்டும். வேக்குவம் அவனில் 60 °செ., அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு முதலில் நைட்ரஜன், பிறகு காற்று. இங்க் செய்யும்போதும் காய்ந்த தூளின் மேல் முதலில் தண்ணீர், நனைந்த பிறகு ஐசோபுரோப்பனால். வரிசையை மாற்றினால் பாட்டிலுக்குள் பொறி பறக்கும்.

---

கரித்தூள்

மூவருக்கும் நன்றி. மறுபடி செய்த விவரம்: கூழ்மம் தனியாக, காரம் 12 விகிதம், திரவத்துக்குள்ளேயே 140 °செ. மூன்று மணி நேரம், பிறகு கார்பன், பிஎச் 2.5, இரவு முழுக்கக் கலக்கல். வடிநீர் நிறமற்றது, போரோஹைட்ரைடு சோதனையிலும் கருக்கவில்லை. டிஜிஏ 18.6%. ஹைட்ரஜன் ரெஃபரன்ஸ், சுழற்றிக் காயவைத்த படலம்: எல்லை மின்னோட்டம் 5.8, தட்டை. பரப்பு இப்போது 58, உண்மையான ஏற்றத்தை வைத்தே. (220)-ல் அளவு 2.8. ஆனால் டெம்மில் சில இடத்தில் துகள்கள் திராட்சைக் குலைபோல் சேர்ந்திருக்கின்றன, சில கார்பன் உருண்டை வெறுமையாக இருக்கிறது. 2.8-க்கு 100 வர வேண்டும் என்றால் 58 குறைவுதானே?

---

வரக்காப்பி

குறைவுதான். குலை எங்கே பிறந்தது என்று பார்க்க, கார்பன் சேர்ப்பதற்கு முந்தைய கூழ்மத்தில் ஒரு சொட்டை எத்தனாலில் நீர்த்து டெம் கிரிட்டில் விட்டுப் பாருங்கள். அதிலேயே குலை இருந்தால் வினையில் கோளாறு. தனித்தனியாக இருந்தால் ஒட்டும் கட்டத்தில். உங்கள் வடிநீர் தெளிவாக இருப்பதால் இரண்டாவது என்றே படுகிறது.

கார்பனை உலர்தூளாக நேரே கூழ்மத்தில் கொட்டினீர்களா? வல்கன் கிளைக்காலில் உடனே நனையாது, கட்டி கட்டியாக மிதக்கும். அமிலம் விழும்போது கட்டிக்கு வெளியே உள்ள பரப்பு மட்டும் துகளைப் பிடிக்கும், உள்ளே வெறுமை. 80 மி.கி. கார்பனைத் தனியாக 40 மி.லி. கிளைக்காலும் 10 மி.லி. தண்ணீரும் சேர்த்து ஒரு மணி நேரம் சோனிகேட் செய்யுங்கள். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தால் மணல்போல் உறுத்தக்கூடாது. அதற்குள் கூழ்மத்தை ஊற்றி, முதலில் காரநிலையிலேயே ஒரு மணி நேரம் கலக்கி, அதன் பிறகு அமிலம். அதுவும் ஒரேயடியாக அல்ல: 0.5 மோலாரை 0.1 ஆக நீர்த்து, சிரிஞ்ச் பம்பில் ஒரு மணி நேரத்துக்கு நீட்டி. சொட்டு விழும் இடத்தில் பிஎச் ஒரு நொடி 1-க்குப் போனாலும் அங்கே இருக்கும் துகள்கள் கார்பனைத் தேடாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். உங்கள் குலை அப்படி வந்ததாகவே தெரிகிறது.

---

சுழல்முனை

அதைச் செய்த பிறகும் 70-ஐத் தொடவில்லை என்றால், அதே முனையில் கார்பன் மோனாக்சைடு உரித்தலும் (ஒட்டவைத்ததை ஆக்சிஜனேற்றி அகற்றி மின்னூட்டம் அளப்பது) ஓட்டுங்கள். 0.1 வோல்ட்டில் பிடித்து ஐந்து நிமிடம் கார்பன் மோனாக்சைடு, இருபது நிமிடம் நைட்ரஜன், பிறகு ஒரு சுற்று; ச.செ.மீ.க்கு 420 மைக்ரோகூலும் என்று வகுக்கவும். குலையில் உள்ள துகளின் உரித்தல் மேடு தனித்துகளின் மேட்டைவிடக் கீழ் மின்னழுத்தத்திலேயே வரும். ஒரே மேட்டுக்குப் பதில் இரண்டு தெரிந்தால், எவ்வளவு குலை மிச்சம் என்று டெம்முக்குக் காத்திருக்காமல் அதிலேயே மட்டாகச் சொல்லிவிடலாம். வாயு உணரியை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஹூடுக்குள்.